பங்கேற்பாளர் எண் ஒன்று

"யாருன்னே தெரியாத ஒரு ஆளை மதியம் ஒரு மணிக்குள்ள கண்டுபிடிக்க முடியுமா?"

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. அப்போது மணி பத்தே கால்.

"யாருன்னு தெரிஞ்சிருந்தா நீங்க எங்களைத் தேடி வந்திருக்கவே மாட்டீங்களே," என்றேன் நான்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்பதைக் கண்ணாலேயே சொல்லத் தெரிந்தவர் அவர். அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவிதான். துப்பறியும் அலுவலகம் அவருடையது. நான் கொழுந்தன், கார் ஓட்டி, கோப்பு தூக்கி, மீதி நேரத்தில் வாய். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அண்ணி பன்னிரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். திருடனைக்கூட மன்னிப்பார், காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டவனை மன்னிக்க மாட்டார்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். விரல்களில் சின்னச் சின்னக் கடித் தழும்புகள்.

"பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சியாளரா இருக்கேன். எலி மேடம்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும்," என்றார். "பகல்ல திடீர்னு தூங்கி விழற வியாதி தெரியுமா? என் தங்கச்சிக்கு இருக்கு. அடுப்பு முன்னாடி நின்னுட்டு இருப்பா, அப்படியே சரிஞ்சிடுவா. அந்த மாதிரி ஆளுங்களை முழிச்சிருக்க வைக்க ஒரு மாத்திரை செஞ்சேன். எலிங்களுக்குக் கொடுத்தேன், நல்லா முழிச்சிருந்துது. தங்கச்சிக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நானே சாப்பிட்டுப் பார்க்கறேன்னு நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி கேட்டேன். பதினோரு மாசம் ஆச்சு."

"பதினோரு மாசமா யோசிக்கிறாங்களா?"

"படிவத்துலயே நிக்குது சார். 'ஆராய்ச்சியாளருக்கும் பங்கேற்பாளருக்கும் முன்பே பழக்கம் உண்டா?'ன்னு ஒரு கேள்வி. 'பிறந்ததிலிருந்து'ன்னு எழுதினேன். விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினாங்க. 'ஆராய்ச்சியாளருக்குத் தெரியாமல் பங்கேற்பாளர் புகார் கொடுக்க வசதி உண்டா?'ன்னு இன்னொண்ணு. 'உண்டு, நான் தூங்கும்போது கொடுக்கலாம்'னு எழுதினேன். அதுக்கு நாலு மாசம்."

எனக்கு இவரை உடனே பிடித்துப் போயிற்று.

"இப்போ என்ன பிரச்சினை?" என்றார் அண்ணி.

எலி மேடம் ஒரு கத்தை நகல்களை மேஜையில் வைத்தார். "திங்கட்கிழமை சாயந்திரம் அறிவியல் கட்டடத்துல நகல் எடுக்கிற மெஷின் மூடிக்குக் கீழ ஒரு நோட்டு கிடந்திருக்கு. யாரோ என் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு, தன்னைத்தானே கவனிச்சு எழுதியிருக்காங்க. நாற்பத்து மூணு நாள். பதிவாளர் என்னைக் கூப்பிட்டாரு. 'மாத்திரை உங்களுது, தன் மேலயே சோதனை பண்ண ஆசைப்பட்டது நீங்க, அப்போ நோட்டும் உங்களுது'ன்னாரு. இன்னிக்கு மதியம் ஒரு மணிக்கு விசாரணை. நீக்கப்போறாங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல. ஆனா அம்மா, நான் இங்க வந்தது வேலைக்காக இல்ல." அவர் குரல் இறங்கியது. "ஒன்பது வாரத்துக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிய வந்துச்சு. தொடர்ந்து கொடுத்த எட்டு எலியும் நாற்பத்தஞ்சாவது நாள் நின்ன இடத்துலயே சாஞ்சுது. தீனி வாயில இருக்கும்போதே. மூச்சு குறைஞ்சுக்கிட்டே போச்சு. மூணு எழுந்திருக்கவே இல்ல. மனுஷனுக்கு அது எத்தனாவது நாள்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் பயமா இருக்கு. நோட்டு திங்கட்கிழமை நாற்பத்து மூணுல நிக்குது."

"இன்னிக்குப் புதன்," என்றார் அண்ணி.

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தைந்து.

அண்ணி நகல்களைக் கையில் எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருந்தது. கையெழுத்தை மறைக்க நினைத்தவர் செய்கிற வேலை. பத்தாவது நாளின் பக்கம் இப்படி இருந்தது:

நாள் 10, புதன். மாத்திரை: காலை 7 மணி. இரண்டே முக்கால் மணி நேரம், தலை சாயவில்லை. எதிர்பாராத விளைவு: இல்லை. விலகும் உரிமை நினைவூட்டப்பட்டதா: ஆம். பங்கேற்பாளர் எண் ஒன்றின் பதில்: தொடர்கிறேன்.

"தனக்குத்தானே தினமும் ஞாபகப்படுத்தி, தனக்குத்தானே பதில் சொல்லியிருக்கார்," என்றேன். "வீட்டுல பேச ஆளில்லாதவர் போலிருக்கு."

"நாற்பத்து மூணு பக்கத்துல ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல தம்பி." அண்ணியின் குரலில் மரியாதை இருந்தது. "மேடம், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம்?"

"கட்டடத்துக் காவலாளி மேல. எப்பவும் தூங்கிட்டே இருப்பார். ஆறு வாரமா நான் பார்க்கும்போதெல்லாம் விறைப்பா நிக்கறார். பாவம், மூணு பிள்ளைங்க அவருக்கு."

"குழுவுல உங்களுக்கு வேண்டியவங்க யாரும் இல்லையா?"

"தலைவர் என் பழைய பேராசிரியர்தான். அவரைக் கொட்டாவி சார்னு சொல்வாங்க. கூட்டம் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் கண்ணு சொருகிடும்னு பேர். எனக்கு நல்லதும் செஞ்சதில்ல, கெட்டதும் செஞ்சதில்ல."

அண்ணி எழுந்துவிட்டார்.

பதினொன்றே காலுக்கு அறிவியல் கட்டடத்தின் வாசலில் இருந்தோம். காவலாளி நிஜமாகவே விறைப்பாகத்தான் நின்றிருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான்கூடப் போட்டிருந்தது.

"ஐயா, நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று நேராகக் கேட்டார் அண்ணி.

"மாத்திரையா? நான் தலைவலிக்கே தைலம்தான் தேய்ப்பேன். ஏன்?"

"ஆறு வாரமா நீங்க தூங்கறதே இல்லையாமே."

அந்த மனிதருக்கு முகம் சிவந்தது. பெருமையைப் பறித்துவிட்டது போல. "யாரு சொன்னது? தினமும் தூங்கறேன்! நேத்துகூட ரெண்டு மணியிலேர்ந்து நாலு வரைக்கும். நீங்களே விசாரிச்சுப் பாருங்க. இந்தப் புதன்கிழமைதான் முடியல. புதனன்னிக்கு மேல ஒரு கூட்டம் நடக்கும். முன்னெல்லாம் ஒரு மணிக்கு ஏறினா ஒண்ணே முக்காலுக்கு இறங்கிடுவாங்க, அப்புறம் நம்ம பாடு நிம்மதி. இப்போ ஆறு வாரமா மூணு மணி, நாலு மணின்னு இழுக்குது. பெரியவங்க எப்போ இறங்குவாங்கன்னு சொல்ல முடியல. நின்னே ஆகணும்."

எலி மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "என் ஆய்வகம் வேற கட்டடம். விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு கேக்க நான் இங்க வர்றது புதன்கிழமை மட்டும்தான்."

"வாரத்துக்கு ஒரு நாள் பார்த்துட்டு, வாரம் முழுக்க முழிச்சிருக்கார்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றேன். "எலிங்க விஷயத்துல இப்படிச் செய்யலையே?"

"தம்பி!" என்றார் அண்ணி. ஆனால் அவர் கண் என் மேல் இல்லை. நகல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மூணாவது நாள், புதன், ஒண்ணே கால் மணி நேரம். பத்தாவது நாள், புதன், ரெண்டே முக்கால். முப்பத்தெட்டாவது நாள், புதன், மூணே கால். நேரக் கணக்கு எழுதியிருக்கிறது புதன்கிழமைகள்ல மட்டும்தான். ஐயா, மேல நடக்கற கூட்டம் எந்தக் கூட்டம்?"

காவலாளி மேலே கையைக் காட்டினார். "அதான், நெறிமுறைக் குழு."

நெறிமுறைக் குழுவின் அலுவலகம் இரண்டாம் மாடியில், ஜன்னலில்லாத ஒரு நீள அறை. ஒரு மணி நேரம் வெளியே காக்க வைத்த பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். எழுத்தர் அம்மாள் வலது மணிக்கட்டில் துணிக்கட்டுப் போட்டிருந்தார். அந்தக் கையாலேயே மதியக் கூட்டத்துக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெளியாளுங்களுக்கு எதுவும் காட்டக் கூடாது," என்றார் எடுத்த எடுப்பில்.

"காட்ட வேண்டாம். நாங்க உங்களுக்குக் காட்டறோம்," என்று அண்ணி ஒரு நகலை நீட்டினார்.

எழுத்தர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "இது என்ன அநியாயம்! எங்க புதுப் படிவம் இது. 'விலகும் உரிமை நினைவூட்டப்பட்டதா' எல்லாம் நாலு மாசமா வரைவுலயே கிடக்கு, அச்சுக்கே போகல. யார் வெளியில விட்டது?"

"வரைவு யார் யார்கிட்ட இருக்கு?"

"குழுவுல அஞ்சு பேர். அஞ்சு பேர்கிட்டயும் ஒவ்வொரு பிரதி."

நான் அண்ணியின் காதருகில் சொன்னேன்: "பல்கலைக்கழகம் முழுக்கச் சந்தேகப்பட வேண்டியிருந்தது. இப்போ அஞ்சே பேர். அதுவும் அனுமதியில்லாம யாரும் மாத்திரை சாப்பிடக் கூடாதுன்னு விதி எழுதின அஞ்சு பேர்."

"மாத்திரை எங்கேர்ந்து போச்சுங்கறதுதான் புரியல," என்றார் எலி மேடம். "என் ஆய்வகத்துல ஒண்ணுகூடக் குறையல. எண்ணிக் காட்டினேன். விண்ணப்பத்தோட அறுபது மாதிரி கொடுத்தேன், அது இந்தப் பீரோவுல இருக்கு."

"இருக்கு, இருக்கு," என்று எழுத்தர் அம்மாள் பீரோவைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூடியில் அரக்கு முத்திரை. "பதிவாளரே வந்து பார்த்தாரு. முத்திரை உடையல."

அண்ணி டப்பாவைக் கையால் தொடவில்லை. குனிந்து மட்டும் பார்த்தார். "முத்திரை உடையாம இருக்க ரெண்டு வழி உண்டு அம்மா. யாரும் தொடாம இருக்கலாம். இல்லேன்னா, தொட்டவர்கிட்டயே முத்திரையும் இருக்கலாம். இந்த அரக்கு பதினோரு மாசப் பழசு மாதிரியா இருக்கு? மேல ஒரு பொட்டுத் தூசி இல்லையே. டப்பாவோட உடம்பெல்லாம் தூசி."

எழுத்தர் அம்மாள் டப்பாவைத் தூக்கி மெல்ல ஆட்டினார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை வேகமாக ஆட்டினார். பஞ்சு அடைத்த பொம்மை போல அமைதியாக இருந்தது அது.

"ஐயையோ," என்றார்.

"அம்மா, உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று அண்ணி திடீரென்று கேட்டார்.

"எழுதி எழுதித்தான். கூட்டக் குறிப்பு நான்தானே எழுதணும். மூணு பக்கத்துல முடிஞ்சிட்டிருந்தது. ஆறு வாரமா பதினோரு பக்கம் வருது. கேள்வி மேல கேள்வி. பன்னிரண்டாவது பொருளைத் தாண்டவே முடியல. பாருங்க, இந்த மேடம் கொடுத்த கடிதம்கூட ஒன்பது வாரமா அப்படியே நிக்குது. பொருள் எண் பத்தொன்பது."

"எந்தக் கடிதம்?" என்றேன்.

"எலிங்க சாஞ்ச கடிதம்." எலி மேடத்துக்கு உதடு வெளுத்துவிட்டது. "மாத்திரையை யாரும் தொடாதீங்கன்னு எழுதினேனே. யாருமே படிக்கலையா?"

"வரிசைப்படிதானே எடுக்க முடியும் மேடம்."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பதைக் காட்டியது. எழுத்தர் அம்மாள் கோப்புகளை வாரிக்கொண்டு எழுந்தார். அண்ணி இரண்டு கூட்டக் குறிப்புகளைக் காட்டச் சொல்லி மன்றாடினார்: மூன்று மாதத்துக்கு முன்பு நடந்த கூட்டத்தினுடையது ஒன்று, போன வாரத்தினுடையது ஒன்று. எழுத்தர் அம்மாள் இங்குமங்கும் பார்த்துவிட்டு, காலி டப்பாவையும் ஒருதரம் பார்த்துவிட்டு, இரண்டையும் மேஜை மேல் வைத்தார். "நான் காட்டல. மறந்து வெச்சிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு எலி மேடத்தை அழைத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போய்விட்டார்.

அண்ணி பென்சிலை எடுத்தார். பழைய வழக்கம், பக்க ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். மூன்று பக்கக் குறிப்பை முடித்தார். பதினோரு பக்கக் குறிப்பில் பாதிகூடத் தாண்டவில்லை, நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"தம்பி, ஓடு!"

"எங்க? யாரு அண்ணி?"

"கூட்ட அறைக்கு! மருத்துவ நிலையத்துக்குப் போன் பண்ணிட்டே ஓடு. பிராணவாயு சிலிண்டரோட டாக்டர் வரணும்னு சொல்லு!"

"யாருக்குன்னு கேட்டா?"

"தூங்கறவருக்குன்னு சொல்லு!"

சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், அதை ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

கூட்ட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நுழைந்தபோது, நீள மேஜையின் ஒரு கோடியில் எலி மேடம் தனியாக நின்றிருந்தார். எதிர்க் கோடியில் குழுவின் ஐந்து பேர், பக்கத்தில் பதிவாளர். நடுவில் தலைவர் எழுந்து நின்று உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தலை, சுத்தமாகச் சவரம் செய்த முகம், பளிச்சென்ற சட்டை. அவர் குரல் பாடம் நடத்துவது போல நிதானமாக வந்தது.

"விதி ஏழு, உட்பிரிவு மூன்றின்படி, முன் அனுமதியின்றி ஆராய்ச்சியாளர் எவரும் தம் உடல் மீதே சோதனை நிகழ்த்துவது... நிகழ்த்துவது..."

"யாரு நீங்க? வெளியாளுங்க வரக் கூடாது," என்று பதிவாளர் எழுந்தார்.

"...மன்னிக்க முடியாத..."

அந்தச் சொல்லோடு நின்றது. தலைவர் மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார், யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தது போல. தலை மார்பில் சாய்ந்தது.

அடுத்து நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யாருமே அதிர்ச்சி அடையவில்லை. உறுப்பினர் ஒருவர் கோப்பைச் சத்தமில்லாமல் மூடினார். இன்னொருவர் மேஜை இழுப்பறையிலிருந்து பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொண்டார். மூன்றாமவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், வெயில் தலைவரின் முகத்தில் படக் கூடாது என்று. எல்லாம் பல வருடப் பழக்கம்.

"கால் மணி நேரம் இடைவேளை," என்று பதிவாளர் கிசுகிசுத்தார்.

"எழுப்புங்க அவரை!" என்று கத்தினார் அண்ணி.

"சத்தம் போடாதீங்கம்மா. அவருக்கு வழக்கம்தான். தானே எழுந்துடுவார்."

"வழக்கமா? ஆறு வாரமா இவர் இந்த அறையில ஒரு நிமிஷம் தூங்கியிருக்காரா? போன வாரக் கூட்டத்துல பாதிக் குறிப்புக்குள்ளயே முப்பத்தொரு கேள்வி கேட்டிருக்கார்! அதுக்கு முன்னாடி ஒரு கூட்டத்துல மொத்தமே ஒரு கேள்வி, அதுவும் 'தேநீர் வந்ததா'ன்னு! எலி மேடம், உங்க எலிங்க எப்படிச் சாஞ்சுது?"

எலி மேடம் தலைவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு ஓடினார்.

"நீங்க விசாரணையில இருக்கீங்க! இந்தப் பக்கம் வரக் கூடாது!" என்றார் பதிவாளர். எலி மேடம் அவரை ஒரு நாற்காலியைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டுப் போனார். நானும் அவரும் தலைவரைத் தரையில் இறக்கினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. எலி மேடம் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சை எண்ண ஆரம்பித்தார். "நிமிஷத்துக்கு அஞ்சு. சார்! சார், மூச்சை இழுங்க! நான் சொல்றது கேக்குதா?" என்று மாணவியை மிரட்டும் ஆசிரியை போல மிரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு அதட்டலுக்கும் அந்த மார்பு கடமைக்கு ஒரு முறை ஏறி இறங்கியது.

"அவர் சட்டைப் பையில பாருங்க," என்றார் அண்ணி பதிவாளரிடம். "நீங்களே எடுங்க. அப்புறம் நாங்க வெச்சோம்னு சொல்லக் கூடாது."

பதிவாளர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடி இல்லை. மாத்திரைகள்தான். மேஜை மேல் கொட்டி எண்ணினார்கள்.

"பதினஞ்சு," என்றார் குறுக்கெழுத்துக்காரர்.

"அறுபதுல நாற்பத்தஞ்சு போனா எவ்வளவோ, அவ்வளவு," என்றார் அண்ணி. "இன்னிக்குக் காலை ஏழு மணிக்குப் போட்டது நாற்பத்தஞ்சாவது."

மருத்துவ நிலையத்து டாக்டர் சிலிண்டரோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் எலி மேடத்திடம் பதில் இருந்தது: எவ்வளவு வீரியம், எத்தனை நாள், அடுத்த மணி நேரத்தில் எது நடக்கலாம், எந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. தலைவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறையில் மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். எழுத்தர் அம்மாள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

தலைவர் கண் திறந்தது மறுநாள் காலை பதினோரு மணிக்கு. நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தோம். அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து, இப்போது கோபத்துக்கு வந்திருந்தார்.

"உத்தரவைப் படிச்சு முடிச்சேனா?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார்," என்றார் எலி மேடம். "என்னை நீக்கறதுக்குள்ள நீங்க சாஞ்சுட்டீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ போர்வைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தபடி பேசினார்.

"உன் விண்ணப்பம் வந்தப்போ நான் தூங்கிட்டு இருந்தேன். என்னோட பழைய மாணவி தன் உயிரைப் பணயம் வெச்சு ஒண்ணு கேக்கறா, நான் தூங்கிட்டு இருக்கேன். இதை மட்டுமாவது முழிச்சிருந்து படிக்கணும்னு நினைச்சேன். முழிச்சிருக்க எனக்கு வேற வழி தெரியல. உன் மாத்திரைதான் பீரோவுல இருந்துச்சு, அரக்கு முத்திரையும் என்கிட்டதான் இருந்துச்சு. முதல் நாள் சாப்பிட்டதும், பத்து வருஷமா நான் என்னெல்லாம் படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு புரிஞ்சுது. அப்புறம் நிறுத்த முடியல. அப்புறம், நான் நல்லா இருந்தா உனக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு சமாதானம். சோதனைப் பதிவேட்டுக்கு ரெண்டு பிரதி வேணும்னு விதி இருக்கு. அதான் நகல் எடுக்கப் போனேன்."

"சரி. பழி என் மேல விழுந்தப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"பங்கேற்பாளரோட அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர், எலி மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இல்ல. பயம். அசிங்கமாப் போயிடும்னு பயம். மூணு மாசத்துல ஓய்வு. அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

"நீங்க செத்துப் போயிருந்தா நான்தான் கொலைகாரி சார். என் மாத்திரை, என் பேர்ல நோட்டு, என்னை நீக்க வந்த நீங்க பிணம். யோசிச்சீங்களா? என் தங்கச்சி என்ன ஆவா? என்னைத் தவிர அவளுக்கு யாரு?"

அவர் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. அவர் மனைவி தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

எலி மேடம் கதவு வரை போனார். இனி திரும்பிப் பார்க்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கைப்பிடியில் கை வைத்தபடி அரை நிமிடம் நின்றார். பிறகு, "சார்," என்றார். "நாற்பத்து நாலாவது நாள் விரல் நுனி மரத்துச்சா?"

தலைவர் கண்ணைத் திறந்தார். "நாற்பத்து ரெண்டுலயே. இடது கையில."

"இடது கையில மட்டுமா?"

"முதல்ல இடது. திங்கட்கிழமை ராத்திரி வலதும். வாயில ஒரு உலோக ருசி."

"அதை ஏன் நோட்டுல எழுதல? 'எதிர்பாராத விளைவு: இல்லை'ன்னு இருக்கே!"

"எழுதினா நிறுத்தணுமே."

எலி மேடம் திரும்பி வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கைப்பையில் காகிதம் தேடினார். கிடைக்கவில்லை. நான் என் சட்டைப் பையிலிருந்த பெட்ரோல் ரசீதை நீட்டினேன். அதன் பின்பக்கம் நிறைந்து, அண்ணியின் குறிப்பேட்டில் ஆறு பக்கம் நிறைந்து, கடைசியில் தலைவரின் மனைவி எழுந்து நின்று, "போதும், எல்லாரும் வெளிய போங்க, இவர் ஒரு நோயாளி," என்று எங்களைத் துரத்திவிட்டார்.

வெளியே வராந்தாவில் எலி மேடம் சுவரில் சாய்ந்து நின்றார். "நாற்பது நாள்ல நிறுத்திட்டு, இடைவெளி விட்டுக் கொடுத்தா என்ன ஆகும்னு எலியில பார்க்கணும்," என்றார் யாரிடமோ சொல்வது போல. "தங்கச்சிகிட்ட இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கன்னு சொல்லணும். அதுதான் கஷ்டம்."

அன்று மாலையே தலைவர் நடந்ததை எல்லாம் தன் கையால் எழுதி, பதவி விலகலோடு பதிவாளருக்கு அனுப்பிவிட்டார். எலி மேடம் மீதான விசாரணை கைவிடப்பட்டது. பொருள் எண் பத்தொன்பது முதல் பொருளாக எடுக்கப்பட்டு, மாத்திரையை யாரும் தொடக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து எலி மேடம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பல்கலைக்கழக முத்திரை போட்ட உறை. அண்ணியிடம் நீட்டினார். அண்ணி சத்தமாகப் படித்தார்:

"கடந்த புதன்கிழமைக் கூட்டத்தின்போது, பங்கேற்பாளர் எண் ஒன்று சம்மதம் தெரிவிக்கும் நிலையில் இல்லாதபோது, அவரது எழுத்துபூர்வ ஒப்புதலின்றித் தாங்கள் அவரைத் தரையில் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்து, சுவாசத்தைக் கண்காணித்ததாகக் கூட்டக் குறிப்பிலிருந்து தெரிய வருகிறது. இதற்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி பெறப்படவில்லை. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

நான் சிரிக்க ஆரம்பித்து, எலி மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். ஆனால் அவர் உதடும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"'கடந்த புதன்கிழமை'ன்னு போட்டிருக்காங்க. அதுக்கு முந்தின புதன்," என்றார் அண்ணி, பென்சிலால் வட்டமிட்டபடி. "விளக்கம் எழுதிட்டீங்களா?"

"எழுதிக் கொடுத்துட்டுத்தான் வர்றேன். ஒரே வரி."

"என்னன்னு?"

"அடுத்த தடவை அவரை எழுப்பி, அனுமதி கேட்டுட்டு, அப்புறம் காப்பாத்தறேன்னு."